திருகோணமலை என்னும் மரக்கலம்



பல ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பறையிலே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி இப்பேச்சைத் தொடங்க விரும்புகின்றேன். அன்று திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய பாடம். இயற்கை அன்னை தன் கையாலேயே வகுத்தமைத்த துறைமுகம் அது என்றும், அதனைக் கைக்கொள்ளும் பொருட்டு ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றோடொன்று மோதின என்றும் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் மெல்ல எழுந்து நின்றான். அவன் கையிலே ஏதோ ஓர் ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து கத்தரித்து எடுத்த படம் ஒன்று இருந்தது. மூன்று பாய்மரங்கள் வானளாவ நிமிர்ந்து நிற்கும் மரக்கலம் ஒன்றின் படம். கரிய உடல், நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, அப்பட்டையிலே வரிசையாகப் பீரங்கி வாயில்கள். படத்தின் கீழே ஆங்கில எழுத்துகளில் திருகோணமலை என்று பெயர் அச்சிடப்பட்டிருந்தது.

"ஐயா, எங்கள் ஊரின் பெயரை இட்டிருக்கின்றார்களே, இது எங்கள் கப்பலா?" என்று அவன் கேட்டான்.

வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. எனக்கு விடை தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்கின்றேன், தம்பி" என்று கூறி அன்று தப்பித்துக்கொண்டேன். ஆசிரியன் ஒருவன் மாணவனுக்குக் கொடுத்த வாக்கு, கடன் போன்றது. அக்கடனை அடைக்க முயன்றபோது நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன். எங்கள் கப்பலா, அன்றா என்னும் அந்த எளிய வினாவுக்கு விடை சொல்வது நான் எண்ணியிருந்த அளவுக்கு எளிதாக இருக்கவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றேன்.

முதலில் பெயரின் கதையைப் பார்ப்போம். 1782ஆம் ஆண்டு இலங்கையின் கீழ்க்கரை பெரும் போர்க்களமாக விளங்கியது. அவ்வாண்டு ஜனவரியிலே ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஓகஸ்ட் மாத இறுதியிலே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரான் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்துக்கொண்டார். ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூஸ் தம் கப்பல்களுடன் வந்து சேர்ந்தபோது கோட்டையின் மீது பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. செப்டெம்பர் 3ஆந் திகதி இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே நேருக்கு நேர் பொருதின. சுஃப்ரான் ஏறியிருந்த கப்பலின் நடுப் பாய்மரமே முறிந்து வீழ்ந்தது. ஆயினும் இரு பகுதியாரும் அப்போரில் ஒரு கப்பலையேனும் எதிரியிடம் இழக்கவில்லை. துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. வெற்றி யாருக்கு என்று துணிந்து கூற இயலாத போர் அது. அந்தப் போரின் நினைவாகவே ஆங்கிலக் கடற்படையினர் பின்னர் ஒரு கப்பலுக்குத் திருகோணமலை என்று பெயர் சூட்டினர். ஆகவே, நேயர்களே, அப்பெயர் எங்கள் ஊரின் மீது கொண்ட அன்பினால் இட்ட பெயரன்று. போரின் நினைவாக இட்ட பெயர். இதை நாம் மனத்திலே கொள்ளல் வேண்டும்.

இனிக் கப்பலின் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்து நெப்போலியனுடன் நீண்ட போரொன்றில் ஈடுபட்டிருந்தது. தீவு நாடாகிய இங்கிலாந்துக்குக் கடற்படையே கோட்டை மதில். அக்கடற்படையோ ஓக் என்னும் மரத்தினால் ஆனது. நெல்சன் உயிர் நீத்த விக்டரி என்னும் பெருங்கப்பலைக் கட்டுவதற்கு மாத்திரம் ஏறத்தாழ 6,000 மரங்கள் வெட்டப்பட்டன என்பர். அவற்றுட் பெரும்பாலானவை ஓக் மரங்களே. ஓக் மரம் ஒன்று கப்பல் கட்டும் பருவத்தை அடைய நூறாண்டு வரையிற் செல்லும். மனிதர் போரிடும் வேகத்துக்கு மரங்கள் வளர்வதில்லை. இங்கிலாந்தின் காடுகள் வெறுமையாகத் தொடங்கின. அப்பொழுதுதான் ஆங்கிலக் கடற்படையின் பார்வை மலையாளக் கரையின் தேக்கங் காடுகளின் மீதும், பம்பாய்த் துறையின் மீதும் திரும்பியது.

பம்பாய்த் துறையைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். சூரத்து நகரிலே கப்பல் கட்டும் தொழிலிற் கைதேர்ந்திருந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்னும் பார்சி வகுப்பினர் ஒருவர், 1736ஆம் ஆண்டிலே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அழைப்பை ஏற்றுப் பம்பாய்க்கு வந்தார். அவருக்குப் பின் அவர் மக்களும், பேரரும், பேரரின் மக்களும் வழிவழியாக அத்துறையின் தலைமைத் தச்சராக விளங்கினர். நாம் பேசும் கப்பலைக் கட்டியவர் அவருடைய பேரராகிய ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்பவர். ஆங்கிலேய மேற்பார்வையாளர் இல்லாமலே ஆங்கில அரசின் போர்க்கப்பல்களைக் கட்டும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1842ஆம் ஆண்டிலே சீனாவும் இங்கிலாந்தும் நான்கிங் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட கோர்ன்வாலிஸ் என்னும் போர்க்கப்பலும் இவர் கட்டியதே.

தேக்கு மரத்தின் சிறப்பை எங்கள் நாட்டவர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. எங்கள் வீடுகளிலே பாட்டன் காலத்துத் தேக்குப் பெட்டகமும் தேக்குக் கதவும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன அல்லவா? ஆனாற் கப்பலுக்குத் தேக்கு ஏன் சிறந்தது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. ஓக் மரத்திலே ஒருவகைப் புளிப்புத்தன்மை உண்டு. அது தன்னுள் அறையப்பட்ட இரும்பாணியை அரித்துத் தின்னும். ஆணி துருவேறினால் ஆணி இருந்த துளை பெருகும். துளை பெருகினால் நீர் புகும். நீர் புகுந்தால் மரமும் உக்கிப்போகும். தேக்கிலோ இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அந்த எண்ணெய் இரும்பையும் காக்கும். பூச்சியையும் பூஞ்சணத்தையும் அண்டவிடாது. இந்த ஒரு பண்பே பிற்காலத்தில் இக்கப்பலின் விதியை நிர்ணயித்தது.

1812ஆம் ஆண்டிலே இரு கப்பல்களைப் பம்பாயிற் கட்டும்படி கடற்படைத் தலைமையகம் கட்டளையிட்டது. அவை ஃபிரிகேட் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. விக்டரி போன்ற பெருங்கப்பல்கள் இரண்டு மூன்று தட்டுகளிலே பீரங்கி பூட்டி வரிசையாக நின்று பொருதுவன. ஃபிரிகேட்டுக்கோ பெரும் பீரங்கிகள் பூட்டிய தட்டு ஒன்றே. அது விரைந்தோடி வேவு பார்க்கும். தனியே சென்று எதிரியின் வணிகக் கப்பல்களை மறிக்கும். கடற்படையின் கண் அதுவே எனலாம். இவ்விரு கப்பல்களுக்கும் எடுத்துக்கொண்ட மாதிரி எது தெரியுமா? 1782ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் சிறைப்பிடித்த எபே என்னும் பிரெஞ்சுக் கப்பலின் அமைப்பே. பிரெஞ்சுக்காரரோடு பொருத போரின் பெயர், பிரெஞ்சுக்காரர் வகுத்த உருவம், மலையாளக் கரையின் மரம், பம்பாய்த் தச்சரின் கை, ஆங்கிலேயரின் கொடி. இத்தனையும் சேர்ந்ததே திருகோணமலை என்னும் அக்கப்பல்.

கட்டளை பிறந்தது, ஆனால் வரைபடம் வந்து சேரவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. வரைபடங்களை ஏற்றிக்கொண்டு பம்பாய் நோக்கிப் புறப்பட்ட ஜாவா என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல், 1812ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் திகதி பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பால், கொன்ஸ்ரிரியூஷன் என்னும் அமெரிக்கக் கப்பலின் கண்ணிற் பட்டது. அப்பொழுது அமெரிக்காவும் இங்கிலாந்தும் போரில் இருந்தன. கடும் போருக்குப் பின் ஜாவா பணிந்தது. அதன் தளபதி பட்ட காயத்தினால் இறந்தார். மீட்க முடியாத அளவுக்குச் சிதைந்திருந்த கப்பலுக்கு அமெரிக்கர் தீயிட்டனர். வரைபடங்களும் அதனோடு போயின. மறுபடியும் படி எடுத்து வேறொரு கப்பலில் அனுப்ப வேண்டியதாயிற்று. போரின் அவசரத்துக்காக விரும்பப்பட்ட கப்பல் இவ்வாறு தொடக்கத்திலேயே தாமதமாயிற்று.

1816ஆம் ஆண்டிலேதான் கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரம் இடப்பட்டது. அடிமரத்தை எங்கள் ஓடாவிமார் ஏரா என்று கூறுவர். பார்சி மக்களின் வழக்கப்படி, தலைமைத் தச்சராகிய ஜம்செட்ஜி, எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அந்த அடிமரத்திலே தம் கையால் அறைந்தார். கப்பலின் நல்வாழ்வுக்கு அது இன்றியமையாதது என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் ஊர்களிலும் வீட்டுக்கு நிலை வைக்கும்போது பொன்னும் மணியும் இடுவது வழக்கமல்லவா? கட்டப்படும் பொருள் யாருடையதாயினும், கட்டுகின்றவன் தன் உள்ளத்தையும் அதனுள்ளே சிறிது வைத்தே கட்டுகின்றான்.

1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி கப்பல் நீரிலே இறங்கியது. பீரங்கித் தட்டின் நீளம் 150 அடி. அகலம் ஏறத்தாழ 40 அடி. அக்கால அளவையின்படி ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவு. முந்நூறு பேர் அதிலே தங்கிப் பணியாற்றலாம். முதன்மைத் தட்டிலே, 18 இறாத்தல் நிறையுள்ள இருப்புக் குண்டுகளை எறியும் பீரங்கிகள் 28 பொருத்துவதற்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. முகப்பிலே தலைப்பாகை அணிந்த கீழைத்தேயத்து ஆண்மகன் ஒருவனின் உருவம் செதுக்கி வைக்கப்பட்டது. கட்டுவதற்கு ஆன செலவு ஏறத்தாழ 23,000 பவுண்.

ஆனால், நேயர்களே, கப்பல் முடிந்தபோது போர் முடிந்திருந்தது. வாட்டர்லூப் போர் நடந்து ஈராண்டுகள் கழிந்திருந்தன. நெப்போலியன் அத்திலாந்திக் கடலின் நடுவே சென் ஹெலினா என்னும் தீவிலே சிறையிருந்தார். எவரோடு பொருவதற்காக இக்கப்பல் கட்டப்பட்டதோ அவர் இருந்த தீவிலேயே அது தன் முதற் பயணத்தின்போது தங்கியது என்பது வரலாற்றின் வேடிக்கை. பிலிப் ஹென்றி பிரிஜஸ் என்னும் தளபதியின் கீழ் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட கப்பல், 1819ஆம் ஆண்டு ஜனவரி 24ஆந் திகதி அத்தீவை அடைந்து ஆறு நாட்கள் தரித்து நின்றது. அங்கிருந்து புறப்பட்டபோது ஜோன் ஸ்ரோக்கோ என்னும் கடற்படை மருத்துவர் ஒருவர் பயணியாக ஏறினார். அவர் நெப்போலியனுக்குச் சிகிச்சை செய்தவர். கைதிக்கு ஈரல் நோய் உண்டு என்று தாம் கண்டதைக் கண்டபடி அறிக்கையில் எழுதியவர். அவ்வறிக்கை மேலதிகாரிகளுக்கு உவப்பாக இல்லை. இங்கிலாந்து வந்து சேர்ந்த அவரை மீண்டும் அத்தீவுக்கே அனுப்பி, இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திப் பதவியிலிருந்து நீக்கினர். திருகோணமலைக் கப்பல் தன் முதற் பயணத்திலே சுமந்து சென்றது உண்மை உரைத்ததற்காகத் துன்புற்ற ஒரு மனிதரை.

1819ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி கப்பல் போட்ஸ்மத் துறையை அடைந்தது. சமாதான காலத்திலே புதிய போர்க்கப்பலால் யாருக்கு என்ன பயன்? துறையின் ஒரு மூலையிலே அதனைக் கட்டி வைத்தனர். ஓராண்டன்று, ஈராண்டன்று, பணிக்கென மீண்டும் கடலிற் செல்வதற்கு 1847ஆம் ஆண்டு வரை அது காத்திருந்தது. ஒரு மனிதன் பிறந்து வளர்ந்து மணம் முடித்துப் பிள்ளை பெறும் காலம் அது. ஓக் மரக் கப்பலாயின் அவ்வளவு காலம் சும்மா கிடந்தே உக்கிப்போயிருக்கக்கூடும். தேக்கு மரம் பொறுத்திருந்தது. 1845ஆம் ஆண்டிலே அதன் பின்புறத்தைத் திருத்தி, பீரங்கிகளின் தொகையைக் குறைத்து, ஆனால் வலிமை மிக்கவற்றைப் பூட்டி, கொர்வெட் என்னும் வகையிலே சேர்த்தனர். இதற்குள் நீராவி இயந்திரம் கடலை ஆளத் தொடங்கிவிட்டது. இளமையிலே பணி கிடைக்காத கப்பலுக்குப் பணி கிடைத்தபோது அது பழம்பாணிக் கப்பலாகிவிட்டிருந்தது.

அதன் பின் பத்தாண்டுகள் கடலிலே கழிந்தன. மேற்கிந்தியத் தீவுகளைச் சூழ்ந்த கடலிலே அடிமை வணிகரின் கப்பல்களைத் தேடித் திரிந்தது. வடக்கே நியூபௌண்ட்லாந்து, லாப்ரடோர் கரைகளுக்குச் சென்றது. 1852ஆம் ஆண்டிலே பசிபிக் மாகடலுக்குப் புறப்பட்டது. அங்கே கிரிமியப் போர்க்காலத்தில் உருசியருக்கு எதிரான கடற்படைப் பிரிவிலே சேர்ந்திருந்தும், வரலாற்றிலே பெயர் பெற்ற பெரும் போர் எதிலும் அது பீரங்கி முழக்கியதில்லை.

ஆயினும் ஒரு செய்தியை மறைத்துச் செல்ல என் மனம் ஒப்பவில்லை. 1856ஆம் ஆண்டிலே, இன்று கனடாவின் பகுதியாகவுள்ள வான்கூவர் தீவிலே, கவிச்சன் என்னும் ஆதிக் குடிகள் வாழும் பள்ளத்தாக்கிலே, ஆங்கிலக் குடியேற்றவாசி ஒருவரை அவ்விடத்து மனிதன் ஒருவன் சுட்டுக் காயப்படுத்தினான். ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் நானூறுக்கு மேற்பட்ட படைஞரையும் மாலுமிகளையும் கொண்டு அங்கே சென்றார். அவர்களைக் கொண்டு சென்றது இந்தத் திருகோணமலைக் கப்பல். அம்மனிதனைப் பிடித்து, அவ்விடத்திலேயே விசாரித்து, அவனுடைய சுற்றத்தார் பார்த்து நிற்கவே தூக்கிலிட்டனர். அவ்வட்டாரத்துத் தீவுகளிடையே உள்ள ஒரு கடற்கால் இன்றும் இக்கப்பலின் பெயரைக் கொண்டே திருகோணமலைக் கால்வாய் என்று வழங்குகின்றது. எங்கள் ஊரின் பெயர் அத்துணைத் தொலைவிலே வழங்குகின்றதே என்று மகிழ்வதற்கு முன், அப்பெயர் அம்மக்களின் கரைக்கு எத்தகைய கோலத்திற் சென்று சேர்ந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். பீரங்கி தாங்கிய அந்நியக் கப்பலொன்று தன் துறைமுகத்துள் நுழையும்போது கரையில் நிற்பவனுக்கு உண்டாகும் உணர்ச்சி யாது என்பதைத் திருகோணமலை மக்களுக்கு வேறெவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

1857ஆம் ஆண்டிலே கப்பல் இங்கிலாந்துக்குத் திரும்பியது. போர்க்கப்பல் என்ற முறையில் அதன் வாழ்வு அத்துடன் முடிந்தது. ஆனால் நான் மிகவும் விரும்பும் அதன் இரண்டாம் வாழ்வு அப்பொழுதே தொடங்கியது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலே முதலில் சண்டர்லாண்ட் துறையிலும், 1862ஆம் ஆண்டு முதல் ஹார்ட்டில்பூல் துறையிலும், பின்னர்த் தெற்கே சவுதாம்ப்ரன் நீர்ப்பரப்பிலும் அதனை நிறுத்தி, கடற்படைச் சேமப் பிரிவினர்க்குப் பயிற்சி அளித்தனர். போர்க்கப்பல் பள்ளிக்கூடமாயிற்று.

1897ஆம் ஆண்டிலே கடற்படை அதனை விறகு விலைக்கு விற்றது. உடைப்பவர் கையிலே போன கப்பல் மீள்வது அரிது. அவ்வாண்டு வேறோர் இடத்திலே வீசிய புயல் இதனைக் காப்பாற்றியது. வீட்லி கொப் என்னும் செல்வர், நெல்சன் ஒருகால் ஏறியிருந்த பூட்ரொயன் என்னும் பழைய கப்பலை விலைக்கு வாங்கிப் புதுப்பித்து, இளைஞரின் பயிற்சிக்குப் பயன்படுத்த எண்ணியிருந்தார். 1897 ஜூன் மாதத்திலே பிளாக்பூல் கரையிலே அது புயலில் அகப்பட்டு நொறுங்கியது. அதற்கு ஈடாக வேறொரு கப்பலைத் தேடிய அவர் திருகோணமலையை உடைப்பவரிடமிருந்து மீட்டார். ஆனால், இழந்த கப்பலின் நினைவாக இதற்குப் பூட்ரொயன் என்ற பெயரையே சூட்டினார். உடல் காப்பாற்றப்பட்டது, பெயர் பறிபோயிற்று.

அப்புதிய பெயருடன், பல்மத் துறையிலும் பின்னர்ப் போட்ஸ்மத் துறையிலுமாக, 1986ஆம் ஆண்டு வரை அது இளைஞருக்குப் பயிற்சிக் கப்பலாக விளங்கியது. பீரங்கிகள் நின்ற தட்டிலே பிள்ளைகள் தூங்குவலை கட்டி உறங்கினார்கள்; கயிறு முடியவும், படகு வலிக்கவும், ஒருவருக்கொருவர் துணையாக வாழவும் கற்றார்கள். இங்கே, 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, ஆங்கிலக் கடற்படையினர் திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துப் புறப்பட்டபோது, அத்துறையின் பெயரைத் தாங்கிப் பிறந்த கப்பல் போட்ஸ்மத்திலே வேறு பெயருடன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அதன் அருகே நீண்ட காலம் நங்கூரமிட்டிருந்த துணைக்கப்பல் ஒன்று உண்டு. இம்பிளாக்கபிள் என்பது அதன் பெயர். பிரெஞ்சுக்காரர் கட்டி, டிரபல்கார்ப் போரிலே பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்று பொருது, பின்னர் ஆங்கிலேயரிடம் அகப்பட்ட கப்பல் அது. எத்துணைப் பெருமை! ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதனைச் செப்பனிடப் பணம் இல்லை என்று கூறிவிட்டனர். 1949ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி, ஆங்கிலக் கொடியையும் பிரெஞ்சுக் கொடியையும் ஒருங்கே பறக்கவிட்டுக் கடலின் நடுவே கொண்டு சென்று, வெடி வைத்து ஆழ்த்தினர். டிரபல்காரைக் கண்ட கப்பல் கடலடியில் உறங்கச் சென்றது. பெரும் போர் எதனையும் கண்டிராத கப்பல் நிலைத்து நின்றது.

1987ஆம் ஆண்டிலே அதனைப் பாரம் தாங்கும் மிதவையொன்றின் மீது ஏற்றி ஹார்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுவந்தனர். ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் அது பயிற்சிக் கப்பலாக நின்ற அதே ஊர். அவ்வூரின் கப்பல் கட்டும் தொழில் நலிந்து, பட்டறைகள் மூடப்பட்டு, தொழிலாளர் வேலையின்றி வாடிய காலம் அது. பழங்கப்பலைப் புதுப்பிக்கும் பணி அவர்களிற் பலருக்கு வேலையும் கொடுத்தது. மறைந்துபோகவிருந்த கைத்திறனுக்கு உயிரும் கொடுத்தது. 1992ஆம் ஆண்டிலே பழைய பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. தொண்ணூறு ஆண்டுக் காலம் இழந்திருந்த பெயரைத் திருகோணமலை திரும்பப் பெற்றது. 2001ஆம் ஆண்டிலே பணி முற்றுப்பெற்றது. ஒரு கோடி பவுணுக்கு மேற் செலவாயிற்று. அவ்வளவு திருத்தங்களுக்குப் பின்னரும், உடலிலுள்ள மரங்களிற் பெரும்பகுதி பம்பாயிலே ஜம்செட்ஜியின் ஆட்கள் இழைத்துப் பொருத்திய அதே தேக்கு மரங்களே என்பது வியக்கத்தக்கது.

இன்று ஹார்ட்டில்பூல் அருங்காட்சியகத்திலே அக்கப்பல் நீரிலே மிதந்து நிற்கின்றது. விக்டரி அதனினும் 52 ஆண்டு மூத்தது. ஆனால் விக்டரி உலர்துறையிலே தாங்கு தூண்களின் மீது நிற்பது. நீரில் மிதக்கும் ஆங்கிலப் போர்க்கப்பல்களில் மூத்தது திருகோணமலையே. உலகிலேயே அதனினும் மூத்ததாய் மிதக்கும் போர்க்கப்பல், அமெரிக்காவின் பொஸ்ரன் துறையிலுள்ள கொன்ஸ்ரிரியூஷன். ஆம் நேயர்களே, முதல் வரைபடங்களைச் சுமந்து வந்த ஜாவாவை அழித்த அதே கப்பல்! பகைமை மறைந்தது, பகைவர் இருவரும் அருங்காட்சிப் பொருள்களாகி, வெவ்வேறு கரைகளிலே பள்ளிப் பிள்ளைகளை வரவேற்றுக்கொண்டிருக்கின்றனர்.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருகின்றேன். இது எங்கள் கப்பலா?

உரிமைப் பத்திரத்தைப் பார்த்தால், அன்று. கொடியைப் பார்த்தால், அன்று. பெயரைப் பார்த்து எங்களுடையது என்று கொண்டாடுவோமாயின், அது அறியாமை. அப்பெயர் பேரரசொன்று தன் போர் நினைவாகப் பொறித்துக்கொண்டது. அக்கப்பல் அடிமை வணிகரையும் விரட்டியது; சொந்த மண்ணில் வாழ்ந்த ஆதிக் குடியினரையும் அச்சுறுத்தியது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு. ஒன்றை மாத்திரம் சொல்வது கதை.

ஆனால் அக்கப்பல் இன்றும் மிதப்பதற்குக் காரணம் யாது? அதன் தளபதிகளின் வீரமா? அவர்களுக்குப் பெரும் போர் எதுவும் வாய்க்கவில்லை. அதன் பீரங்கிகளா? அவற்றை எப்போதோ இறக்கிவிட்டனர். மழையிலும் வெயிலிலும் நின்று வளர்ந்த கீழைத்தேயத்து மரம் ஒன்று. அம்மரத்தை அறுத்து, இழைத்து, இடுக்கின்றிப் பொருத்திய கைகள் ஒன்று. தலைமைத் தச்சரின் பெயர் ஏட்டிலே இருக்கின்றது. மற்றையோரின் பெயர்கள் ஏட்டில் இல்லை. அறுத்தவன் யார், ஆணி அறைந்தவன் யார், இடுக்கிலே பஞ்சடைத்தவன் யார் என்று கேட்டால் விடையில்லை. ஆயினும் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நீர் புகாமல் நிற்கும் ஒவ்வொரு பலகையும் அவர்களின் கையொப்பமன்றோ? அவர்கள் யாருக்காகக் கட்டினார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கவில்லை. எவ்வாறு கட்டினார்கள் என்பது அவர்கள் கையிலே இருந்தது.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தோன்றுகின்றது. உடைப்பவரின் கோடரியிலிருந்து இக்கப்பலை மீட்டது எது? பிள்ளைகளுக்குப் பயன்படும் என்ற எண்ணமே. போருக்கென்று பிறந்து, போர்ப்பணியிலே கழித்தது பத்தே ஆண்டுகள். கற்பிக்கும் பணியிலே நின்றதோ நூறாண்டுக்கு மேல். புகழுடைய கப்பல்கள் பல மூழ்கின. கற்பித்த கப்பல் நிலைத்தது.

அன்று அந்த மாணவனுக்கு நான் இவ்வளவையும் கூறவில்லை. கூறும் அளவுக்கு அறிந்திருக்கவும் இல்லை. அடுத்த வாரம் அவனிடம், "கப்பல் அவர்களுடையது, தம்பி, அதிலுள்ள வேலை எங்களைப் போன்றவர்களுடையது" என்று மாத்திரம் சொன்னேன். அவன் சற்று நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், "அப்படியென்றால் வேலைதான் மிஞ்சியிருக்கிறது, ஐயா" என்றான்.

நான் சொல்ல வந்ததை அவன் என்னினும் சுருக்கமாகச் சொல்லிவிட்டான். அதற்கு மேல் நானும் சொல்வதற்கில்லை.